அஞ்சலாட்சி யாருக்குக் கடன்பட்டிருக்கிறாள்?

அன்புள்ள அக்கா,

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். என் முதல் நாவலில் பத்து அத்தியாயங்களை முடித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்ததே, அதற்குப் பிந்தைய ஆறு மாதங்களில் கதை நடக்கிறது. மையப் பாத்திரம் அஞ்சலாட்சி. கணவனை இழந்தவள், துறைமுகத்தில் மீன் எடுத்து மஞ்சக்குப்பம் தெருக்களில் விற்பவள். என் ஆயாவை மனத்தில் வைத்து எழுதியது. தொடங்கும் முன் அவளைப் பற்றி நாற்பது பக்கம் குறிப்பு எடுத்தேன். பிறந்த ஆண்டு, பிடித்த நிறம், கும்பிடும் சாமி, கன்னத்து மச்சம் வரை எல்லாம் அதில் உண்டு. ஆனாலும் படித்த நண்பர்கள் இருவரும், "நல்லவளாக இருக்கிறாள், ஆனால் நம்ப முடியவில்லை" என்கிறார்கள். எங்கே பிசகு?

அன்புள்ள தம்பி,

இரண்டு முறை படித்தேன். விடியற்காலை ஏலம் நடக்கும் பக்கங்களில் ஐஸ் உருகி ஓடும் தண்ணீரின் வாடை என் அறைக்குள் வந்தது. உங்களுக்கு எழுத வருகிறது. உங்கள் நண்பர்கள் சொல்வதும் உண்மை.

அந்த நாற்பது பக்கத்தில் மச்சம் இருக்கிறது, கடன் இல்லை. அஞ்சலாட்சி யாருக்கு என்ன கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து அவளுக்கு என்ன வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. வட்டிக்கு வாங்குவதையும் கடன் என்கிறோம். சாமிக்கு நேர்ந்தால் நேர்த்திக்கடன், செத்தவருக்குச் செய்தால் ஈமக்கடன், உதவியவருக்கு நன்றிக்கடன். மனிதர்களை ஒருவரோடு ஒருவர் கட்டிப்போடும் எல்லாவற்றையும் நம் மொழி இந்த ஒரு சொல்லுக்குள் வைத்திருக்கிறது. அதனால் ஒரு பாத்திரத்தை எழுத உட்காரும்போது நான் முதலில் எழுதுவது அவருடைய மொய் நோட்டை. கல்யாணம் முடிந்த மறுநாள் வீட்டில் அதைப் புரட்டுபவர்களின் முகங்களைப் பார்த்திருப்பீர்கள். யார் எவ்வளவு எழுதினார், நாம் போன முறை அவருக்கு எவ்வளவு எழுதினோம், யார் வரவேயில்லை. அந்தக் குடும்பத்தின் பாதிக் கதை அங்கேயே கிடக்கும்.

உங்கள் ஏழாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். தண்டல்காரர் வருகிறார், அஞ்சலாட்சி நூறு ரூபாயைக் கொடுக்கிறாள், அவர் போய்விடுகிறார். நான்கே வரி! தம்பி, உங்கள் நாவலின் உயிர் அந்த நான்கு வரியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. பத்தாயிரம் தண்டல் என்றால் முன்வட்டி பிடித்தது போக ஒன்பதாயிரமோ அதற்கும் குறைவாகவோ கைக்கு வரும். பிறகு நூறு நாள், நாளுக்கு நூறு. கடல் கொந்தளித்து மீன் வராத நாளிலும் அந்த நூறு போயாக வேண்டும். அன்றைக்கு அது எங்கிருந்து வந்தது?

நான் யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் விற்காத மீன் ஐஸில் கிடக்கிறது. தெருவில் அவள் எடை போட்டு விற்பதில்லை, கூறு கட்டித்தான் விற்கிறாள். புது மீனோடு பழைய மீனில் நான்கைக் கலந்து ஒரு கூறு கட்டுவாள். யாரிடம் விற்பாள்? மகளின் பள்ளிக் கட்டணத்துக்குக் கைமாற்றுக் கொடுத்த டீச்சர் வீட்டில் விற்க மாட்டாள். தெருக்கோடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும், செவுளைத் தூக்கிப் பார்க்கத் தெரியாத இளம்பெண்ணிடம் விற்பாள். அந்த இடத்தில் நான் அஞ்சலாட்சியை நம்பிவிடுவேன். அவள் யாரை ஏமாற்றுவாள், யாரை ஏமாற்றவே மாட்டாள் என்பதை அவள் பட்ட கடன்தான் தீர்மானிக்கிறது.

பேச்சும் அப்படித்தான். ஏலத்தில் அவள் குரல் ஓங்கி ஒலிக்கும். மகன் வயதுடைய தண்டல்காரர் முன்னால் தாழும். டீச்சர் வீட்டு வாசலில், தேவையே இல்லாமல், நாலு வார்த்தை கூடுதலாக வரும். உங்கள் பத்து அத்தியாயங்களிலும் அவள் எல்லோரிடமும் ஒரே குரலில் பேசுகிறாள்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. என் முதல் நாவலில் ஒரு சொல்தா வருவார். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனப் போருக்குப் போய்த் திரும்பி, ஓய்வூதியத்தில் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் வாழ்பவர். ஜூலை 14 அன்று மார்பில் பதக்கங்களோடு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போவார். தொப்பி, கைத்தடி, காலை ரொட்டி என்று எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று அத்தியாயம் ஆகியும் சுவரில் மாட்டிய படம் போலவே நின்றார். பென்ஷன் வந்ததும் கைமாற்று கேட்டு உறவெல்லாம் வாசலில் நிற்கும், அவரும் கணக்குப் பார்க்காமல் கொடுப்பார் என்று எழுதிய பிறகும் அசையவில்லை. ஒருநாள் கேள்வியைத் திருப்பிப் போட்டேன். இவர் யாருக்குக் கொடுக்க வேண்டும்? பாகூரில் ஓர் அண்ணன் இருந்தார். தம்பி கப்பல் ஏறுவதற்காக அப்பாவையும் நிலத்தையும் தன் தலைமேல் போட்டுக்கொண்டவர். ஊருக்கே கொடுக்கும் சொல்தா அந்த அண்ணன் வீட்டுத் தெருவை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். அதை எழுதிய இரவுதான் அவர் நடக்க ஆரம்பித்தார். முன்பு எழுதிய மூன்று அத்தியாயங்களையும் கிழித்துவிட்டேன்.

ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. 2012-இல் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது 45 நாள்தான், மே 29-இல் முடிந்துவிடும். 61 நாளாக்கியது 2017-இல். அந்தத் தடையும் விசைப்படகுகளுக்குத்தான்; ஃபைபர் படகுகள் கடலுக்குப் போகும். ஆகவே அஞ்சலாட்சி சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. வரத்துக் குறையும், ஏலத்தில் விலை ஏறும், அதே கூடையை நிரப்ப அதிக முதல் வேண்டும். அவள் இரண்டாவது தண்டல் வாங்கியது அந்த வாரங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிச் சொல்லப்போவதைக் கோபிக்காமல் படியுங்கள். அஞ்சலாட்சியை நீங்கள் ஒரு பொய்கூடச் சொல்ல விடவில்லை. மருமகளை மன்னிக்கிறாள், பசித்த பிள்ளைக்கு மீன் கொடுக்கிறாள், புயலில் கூரை போன அன்றுகூட அழவில்லை. கூடை சுமந்து உங்களைப் படிக்கவைத்த ஆயாவுக்கு நீங்கள் நன்றிக்கடன் செலுத்துகிறீர்கள். அந்தக் கடன் எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் அதை அஞ்சலாட்சியின் தலையில் ஏற்றினால் அந்தக் கூடையோடு இதையும் அவள் சுமக்க வேண்டியிருக்கும். உங்கள் ஆயா யாரிடமோ பழைய மீனை விற்றிருப்பார். எந்த வீட்டிலோ பேச்சு வாங்கியிருப்பார். உங்கள் பரீட்சைக் கட்டணம்கூட அந்தக் காசில் கட்டியதாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவரை நேசிக்கும் பேரன்தான் இந்த நாவலை எழுத முடியும்.

மற்ற அத்தியாயங்களை இப்போது தொட வேண்டாம். மறுநாள் காலை அஞ்சலாட்சி அதே தெருவுக்கு வருகிறாள். கோடி வீட்டுப் பெண் வாசலில் நிற்கிறாள். நேற்றைய குழம்பு நாறியதை அவள் சொல்லப்போகிறாளா என்று தெரியாது. தண்டலுக்கு இன்னும் அறுபத்திரண்டு நாள் இருக்கிறது. அவள் கூடையை அங்கே இறக்குகிறாளா, பக்கத்துச் சந்தில் திரும்புகிறாளா? அந்த ஒரு காட்சியை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா
புதுச்சேரி