போர்ட்ஸ்மத் வானில் பறந்த பட்டை போட்ட விமானம்

தம்பி, ஜூன் முதல் வாரத்தில் இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட பழைய விமானம் ஒன்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கடற்கரைக்கு மேலே தாழப் பறந்ததையும், அக்கம்பக்கத்தார் வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து நின்றதையும் எழுதி, இவர்கள் போரைக் கொண்டாடுகிறார்களா, நாமும் கடற்கரை நிகழ்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம், அது கொண்டாட்டம் அன்று, இறந்தவர்களை நினைக்கும் நாள்.

1944 ஜூன் 6 அன்று, ஹிட்லரின் படைகள் பிடித்து வைத்திருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில், கடல்வழியாகவும் பாராசூட்டிலுமாக நேச நாட்டுப் படையினர் சுமார் 1,56,000 பேர் இறங்கினார்கள். முந்தைய நாள் நடந்திருக்க வேண்டியது, வானிலை மோசமானதால் ஒருநாள் தள்ளிப்போனது. தளபதி ஐசனோவர் அந்த முடிவை எடுத்த சவுத்விக் மாளிகை உங்கள் ஊருக்குச் சற்று வடக்கேதான் இருக்கிறது. எங்கள் தெருவில் இருந்த மூதாட்டி ஒருவர், வீட்டு வாசல்வரை வரிசையாக நின்ற ராணுவ வண்டிகளையும், தனக்கு மிட்டாய் கொடுத்த சிப்பாய்களையும், ஒரு காலையில் அவர்கள் யாருமே இல்லாமல் தெரு வெறிச்சோடிக் கிடந்ததையும் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நீங்கள் பார்த்த பட்டைகள் அழகுக்குப் போட்டவை அல்ல. 1943இல் சிசிலியில், தம் பாராசூட் வீரர்களை ஏற்றி வந்த விமானங்களையே நேச நாட்டுப் பீரங்கிகள் இருட்டில் அடையாளம் தெரியாமல் சுட்டு வீழ்த்தின. அது மறுபடி நேராதிருக்க மூன்று வெள்ளை, இரண்டு கறுப்புப் பட்டைகளை அடிக்கச் சொன்னார்கள். ரகசியம் கசியக் கூடாது என்பதால் கடைசி ஓரிரு நாட்களில்தான் உத்தரவு வந்தது, கையில் அகப்பட்ட தூரிகையாலும் துடைப்பத்தாலும் அவசர அவசரமாகப் பூசினார்கள். எதிரியின் குண்டுக்கு மட்டுமன்றித் தம்மவர் குண்டுக்கும் அஞ்ச வேண்டியிருந்த அந்த இளைஞர்களைத்தான் அந்தப் பட்டைகள் எனக்கு நினைவூட்டுகின்றன.

இத்தகைய விமானங்கள் சிலவற்றைப் பறக்கும் நிலையில் பேணி வருவது, லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பி தளத்தில் உள்ள பிரித்தானிய விமானப்படையின் நினைவுப் பிரிவு. 2024 மே மாதத்தில் அதன் ஸ்பிட்ஃபயர் ஒன்று விழுந்து விமானி இறந்தபோது மற்ற விமானங்களையும் நிறுத்தி வைத்தார்கள். எண்பதாம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்குக்கூட அவை வரவில்லை. அந்த முடிவு எனக்கு மிகச் சரியாகவே பட்டது.

விடுமுறை கிடைத்தால் போர்ட்ஸ்மத்திலிருந்தே கப்பலேறி பிரான்சின் விஸ்த்ரேஹாம் துறைக்குப் போய் வாருங்கள். அதுவே அன்று படைகள் இறங்கிய கரைகளில் ஒன்றின் ஓரம். வேர் சூர் மேர் என்ற ஊரில், பிரித்தானியத் தலைமையின் கீழ் பணியாற்றி உயிரிழந்த 22,442 பேரின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். கான் நகரையும் விட்டுவிடாதீர்கள். விடுவிக்க வந்தவர்களின் குண்டுவீச்சிலேயே அந்த நகரின் பெரும்பகுதி இடிந்தது. நார்மண்டியில் இறந்த பொதுமக்கள் ஏறத்தாழ 20,000 பேர்.

உங்களோடு வேலை செய்யும் ஈழத்தவர் சிலர், விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவர்களாக இருக்கலாம். அன்று கடற்கரைக்கு வர அவர்கள் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம்.