நீலகிரியில் இருந்துகொண்டு போர் விளையாட்டுக்கு டாங்கி மாடல்கள் வாங்குவது எப்படி?

கேள்வி: கோத்தகிரியில் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து 1965 இந்தியா–பாகிஸ்தான் போரில் நடந்த அசல் உத்தர் சண்டையை மேசைமேல் ஆட நினைக்கிறோம். ஊட்டியிலும் கோவையிலும் பொம்மைக் கடைகளில் தேடிப் பார்த்தோம், சரியான டாங்கி மாடல் இல்லை. ஆன்லைனில் ஒவ்வொன்றும் ஒரு அளவு, விலையும் மலைக்க வைக்கிறது. யாரிடம் வாங்குவது? வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

பதில்: வரவழைக்கலாம். ஆனால் கடையைத் தேடுவதற்கு முன்னால் ஸ்கேலை, அதாவது நிஜ வண்டியில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை, முடிவு செய்யுங்கள். நாலு பேரும் ஒரே ஸ்கேலுக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் பணத்தை வெளியே எடுக்க வேண்டும். ஷெர்மன் டாங்கியின் நிஜ நீளம் 5.84 மீட்டர். 1/56 ஸ்கேலில் அது 10 செ.மீ.க்குச் சற்று மேல், 1/72இல் 8 செ.மீ., 1/100இல் 5.8 செ.மீ., 1/285இல் வெறும் 2 செ.மீ. அசல் உத்தர் டாங்கிகள் கூட்டம் கூட்டமாக மோதிய சண்டை. 1/56 எடுத்தால் சாப்பாட்டு மேசையில் இரண்டு பக்கமும் பத்துப் பத்து நிறுத்தியதுமே நகர இடமிருக்காது. உங்களுக்கு 1/100தான் சரி. விளையாடுகிறவர்கள் இதை 15 மி.மீ. என்பார்கள், அது சிப்பாய் பொம்மையின் உயரக் கணக்கு. 1/72யும் 1/76யும் பெட்டியில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். பக்கத்தில் வைத்தால் ஷெர்மனிலேயே 4 மி.மீ. வித்தியாசம் கண்ணை உறுத்தும்.

அடுத்தது, 'இந்திய ராணுவ டாங்கி' என்று தேடாதீர்கள், கையில் அதிகம் அகப்படாது. வண்டியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அசல் உத்தரில் நம் பக்கத்து டாங்கிப் படைப்பிரிவுகளில் 3ஆம் கேவல்ரியிடம் செஞ்சூரியன், டெக்கான் ஹார்ஸிடம் ஷெர்மன், 8ஆம் லைட் கேவல்ரியிடம் ஏஎம்எக்ஸ்-13. எதிர்ப்பக்கம் பாகிஸ்தானிடம் பேட்டன் எம்-47, எம்-48, கூடவே சாஃபி. எல்லாமே வேறு நாடுகளும் வைத்திருந்த வண்டிகள். ஷெர்மனும் சாஃபியும் இரண்டாம் உலகப் போர் மாடல் வரிசைகளில் இருக்கும். மற்றவற்றை 1967 அரபு–இஸ்ரேல் போர், வியட்நாம் போர் வரிசைகளில் தேடுங்கள். நியூசிலாந்தின் பேட்டில்ஃப்ரண்ட் நிறுவனம் இந்த இரண்டு போருக்கும் 15 மி.மீ.யில் மாடல்கள் போட்டிருக்கிறது.

செஞ்சூரியன் வாங்கும்போது மட்டும் பீரங்கிக் குழலைக் கவனியுங்கள். 1965இல் நம் செஞ்சூரியனில் இருந்தது 20 பவுண்டர் பீரங்கி. இஸ்ரேல் வரிசையில் வருவதில் பெரும்பாலும் 105 மி.மீ. குழல் இருக்கும். வியட்நாமுக்குப் போன ஆஸ்திரேலிய செஞ்சூரியனில் 20 பவுண்டர்தான், அதனால் நமக்கு அந்தப் பெட்டியே நெருக்கம். நம் ராணுவ வீரர் அப்துல் ஹமீது பேட்டன்களை வீழ்த்திய ஆர்சிஎல் (பின்னுதைப்பு இல்லாத பீரங்கி) ஜீப் இல்லாமல் இந்தச் சண்டையை ஆட எனக்கு மனசு வராது. தனியாகக் கிடைக்காவிட்டால் நீங்களே செய்துவிடலாம். 106 மி.மீ. ஆர்சிஎல் துப்பாக்கியின் நீளம் 3.4 மீட்டர், அது ஏறியிருக்கும் வில்லிஸ் ஜீப்பைவிடக் கொஞ்சம் அதிகம். ஆகவே 1/100 ஜீப்பின்மேல் 3.4 செ.மீ. மெல்லிய பித்தளைக் குழாய் ஒன்றை, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டினால் போதும்.

சரி, எங்கே வாங்குவது? முதலில் நம் நாட்டில் ஆன்லைனில் விற்கும் ஹாபி கடைகளைப் பாருங்கள். அங்கே அதிகம் இருப்பது 1/35, 1/72 கிட்கள், அதாவது துண்டுகளை நாமே ஒட்டிச் சேர்க்கும் பெட்டிகள். 1/35 அலமாரியில் வைத்து அழகு பார்க்க. மேசையில் ஆட உதவாது. 1/72இல் ரெவெல், இட்டாலெரி கிட்கள் நல்ல தரம். 1/100 கையிருப்பில் இல்லையென்றால், அடுத்த சரக்கோடு வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். கடை விலை கூடுதலாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. ஸ்கேல் மாடல்கள் சுங்கத்தில் பொம்மைகளோடு சேர்கின்றன. பொம்மைக்கான அடிப்படை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70க்குப் போனது.

இரண்டாவது வழி, வெளிநாட்டிலிருந்து நீங்களே தருவிப்பது. சொந்த உபயோகத்துக்கு அப்படி வரும் பார்சலுக்கு வரிவிகிதம் வேறு, பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறியும் வருகிறது. ஆர்டர் போடுகிற வாரத்தில் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் வரி கணக்கிடுவார்கள். அதனால் நாலு பேரும் தனித்தனியாகப் போடாமல், ஒரே பார்சலாக வரவழைத்தால் தபால் செலவு நன்றாகக் குறையும். கூரியரில் வந்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள், கையாளும் கட்டணமும் தனியாக இருக்கும். விற்பவரிடம் 'கிஃப்ட் என்று எழுதி அனுப்புங்கள்' என்று கேட்கவே கேட்காதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து, உயிர்காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர வேறெதையும் பரிசு என்று சொல்லி முழு வரி கட்டாமல் தபாலிலோ கூரியரிலோ இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பார்சலே மாட்டிக்கொள்ளும்.

முன்பின் தெரியாத விற்பனையாளர் என்றால் மாடலை ஸ்கேலோடு வைத்து எடுத்த படம் கேளுங்கள். ஸ்கேல் என்றால் இங்கே நம் பள்ளிக்கூட ஸ்கேல்தான். ஷெர்மன் 5.8 செ.மீ. இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பெட்டிக்கு எத்தனை வண்டி, பிளாஸ்டிக்கா ரெசினா உலோகமா, உதிரி குறைந்தால் அனுப்புவாரா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, கோவையில் 3டி பிரிண்ட் எடுப்பது. டாங்கியின் 3டி வடிவ ஃபைலை நீங்கள் வாங்கிக் கொடுத்து ரெசின் பிரிண்டரில் எடுக்கச் சொல்லுங்கள். இழை உருக்கி அச்சிடும் பிரிண்டரில் இந்தச் சின்ன அளவுக்கு வரிவரியாகத் தெரியும். காசு கொடுத்து வெளியே அச்சிட அந்த ஃபைலின் உரிமம் இடம் கொடுக்கிறதா என்று படித்துவிடுங்கள். உழைத்து வரைந்தவருக்குச் சேர வேண்டியது சேரட்டும்.

பிளாஸ்டிக் கிட்டுக்கு பிளாஸ்டிக் சிமென்ட், ரெசினுக்கும் உலோகத்துக்கும் ஃபெவிக்விக் வகை பசை. பெயின்ட் ஸ்ப்ரே டப்பாவை விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், அதை மட்டும் கோவையில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் நம் ஊர் ஈரம். கோத்தகிரியில் மூடுபனி இறங்கிய நாளில் வார்னிஷ் அடித்தால் வண்டிமேல் வெள்ளை பூத்துவிடும். மழைக்காலத்தில் பார்சலும் மேட்டுப்பாளையம் சாலையைப் பொறுத்துத்தான் வரும். எனவே ஜனவரி–மார்ச் வறட்சிக்குள் பெயின்ட் வேலை முடிகிற மாதிரி முன்கூட்டியே ஆர்டர் போடுங்கள். அதற்குள் சரக்கு வந்து சேராவிட்டால் ஸ்ப்ரேயை விட்டுவிட்டு, தூரிகையில் பூசும் அக்ரிலிக் ப்ரைமர் (அடிப்பூச்சு) வாங்கி வீட்டுக்குள்ளேயே பூசிக்கொள்ளலாம்.