ஆப்பிரிக்கத் தலைவர்களில் பதவியைத் தானாகவே விட்டு இறங்கியவர் யாராவது உண்டா?

உண்டு. தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே. அதுவும் இரண்டு முறை.

எல்லோரும் 1985-ல் அவர் பதவி விலகியதைத்தான் சொல்வார்கள். என்னை அசைத்தது 1962. தாங்கனிக்கா (சான்சிபார் சேர்ந்து தான்சானியா ஆனது 1964-ல்) 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றது. நைரேரே பிரதமர். ஆறே வாரத்தில் ராஜினாமா செய்து, நாற்காலியை ரஷீதி கவாவாவிடம் கொடுத்துவிட்டுக் கட்சி வேலைக்காக ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார். கோட்டைக்குப் போன கட்சி குடிசையை மறந்துவிடுமே என்ற கவலை அவருக்கு. அந்த வருடக் கடைசியில் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவராகத் திரும்பி வந்தார்.

அடிப்படையில் அவர் பள்ளி ஆசிரியர். 1954-ல் டானு (தாங்கனிக்கா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியம்) என்ற தன் கட்சியைத் தொடங்கிய மறுவருடம், வேலையா அரசியலா என்ற நெருக்கடி வந்தபோது வேலையை விட்டார். ஆனாலும் கடைசிவரை மக்கள் அவரை அழைத்தது 'ம்வாலிமு' என்றுதான். சுவாஹிலியில் ஆசிரியர் என்று பொருள்.

1966 அக்டோபரில் நடந்த ஒன்றைச் சொன்னால் ஆளைப் புரிந்துகொள்ளலாம். பட்டம் பெறுபவர்கள் குறைந்த சம்பளத்தில் கட்டாய தேசிய சேவை செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. தாருஸ்ஸலாம் பல்கலைக்கழக மாணவர்கள் பட்டமளிப்பு அங்கியோடு ஊர்வலமாக அவர் மாளிகைக்கே வந்தார்கள். காலனி ஆட்சியே தேவலாம் என்றது ஒரு அட்டை. முழுவதையும் கேட்டுக்கொண்ட நைரேரேவுக்குக் கோபம் பொங்கிவிட்டது. ஆட்சியில் இருக்கும் நாங்கள் சம்பளம் அதிகம் வாங்குகிறோம் என்பது உண்மைதான், என்னுடையதும் அதிகம்தான் என்று சொல்லி, அங்கேயே தன் சம்பளத்தில் 20 சதவீதத்தை வெட்டினார். வந்திருந்த ஏறக்குறைய 400 மாணவர்களையும் பெற்றோரிடம் திருப்பி அனுப்பினார்.

அந்தத் தண்டனை அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் நான்கு மாதத்தில் வந்த, அவருடைய சோஷலிசக் கொள்கை அறிக்கையான அருஷா பிரகடனத்தின் வேர் அங்கே தெரிகிறது: பொறுப்பில் இருப்பவர் வாடகைக்கு வீடு விடக்கூடாது, கம்பெனிப் பங்கு வைத்திருக்கக்கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக்கூடாது.

இதே பிடிவாதம்தான் பெரிய கொடுமைக்கும் காரணமானது. 1976-க்குள் எல்லோரும் கூட்டுக் கிராமங்களில் குடியேறியாக வேண்டும் என்று 1973-ல் உத்தரவிட்டார். லட்சக்கணக்கானவர்கள் பெயர்க்கப்பட்டார்கள், திரும்பிப் போகக்கூடாதென்று சில இடங்களில் பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். விளைச்சல் படுத்தது. எதிர்க்கட்சிக்கு இடமே இல்லை. விசாரணையில்லாமல் சிறையில் வைக்கும் சட்டமும் இருந்தது. அவரை நேசிக்கிறவர்கள் இதை மறைக்கக் கூடாது.

இன்னொரு பக்கம், 120-க்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட நாட்டை சுவாஹிலி என்ற ஒரே மொழியில் பேச வைத்தார். அவரோ சனாகி என்ற சிறிய இனத்தவர். அதனால் எந்தப் பெரிய கூட்டத்தின் ஆளாகவும் அவர் நிற்கவில்லை.

1985-ல் குடியரசுத் தலைவர் பதவியை அலி ஹசன் ம்வின்யியிடம் ஒப்படைத்தார். கட்சித் தலைமையை மட்டும் 1990 வரை வைத்திருந்தார். பிறகு சொந்த ஊரான புத்தியாமாவில் விவசாயம் பார்த்தார். 1999-ல் லண்டன் மருத்துவமனையில் இறந்தவரை அந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.

இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்ற விதி 1984-ல், அவர் ஆட்சியிலேயே அரசியலமைப்பில் சேர்ந்தது. ம்வின்யி 1995-ல், ம்காபா 2005-ல், கிக்வெட்டே 2015-ல், தவணை முடிந்ததும் ஒருவர்பின் ஒருவராக இறங்கினார்கள்.