வளையல் கேட்ட புனிதை

வணக்கம் ஐயா,
போன மாதம் தெற்கு பிரான்ஸில் கோங்க் என்ற மலைக்கிராமத்துக்குப் போயிருந்தோம். அங்குள்ள புனித ஃபுவா தேவாலயத்தின் திருப்பண்டம் (புனிதையின் எலும்புகள்) வேறோர் ஊரிலிருந்து திருடிக் கொண்டுவந்தது என்று வழிகாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். கத்தோலிக்கனான எனக்கு உறுத்தியது. இதில் என்ன பெருமை?
- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வழிகாட்டி சொன்னது சரிதான். எழுதி வைத்ததே கோங்க் துறவிகள்தான். ஃபுவா, ரோமர் காலத்தில் அஜென் நகரில் கொல்லப்பட்ட சிறுமி; கல்லறையும் அங்கேதான். 9ஆம் நூற்றாண்டில் கோங்கிலிருந்து போன துறவி ஒருவர் பத்து வருடம் அங்கேயே தங்கி, நல்ல பெயர் வாங்கி, கல்லறைக் காவல் கைக்கு வந்ததும் ஓர் இரவில் எலும்புகளோடு கிளம்பிவிட்டாராம். இவ்வளவு பொறுமையான திருடனை நான் கேள்விப்பட்டதில்லை.

புனிதைக்கு விருப்பமில்லாமல் அவளை யாரும் அசைக்க முடியாது, வந்தாள் என்றால் வர விரும்பினாள் என்பது அக்காலத்து நியாயம். சௌகரியமான நியாயம்தான். ஸ்பெயினிலுள்ள சந்தியாகோ திருத்தலத்துக்குப் போகும் யாத்திரிகர்கள் அவளைத் தேடி வந்தார்கள்; 11, 12ஆம் நூற்றாண்டுகளில் இன்றைய கோவில் எழுந்தது.

அங்கே நீங்கள் பார்த்த அவளுடைய பொன் சிலையின் முகம் சிறுமி முகம்போல் இல்லையே, கவனித்தீர்களா? பழைய ரோமானியத் தலை ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார்கள். 1013 வாக்கில் வந்த ஆன்ஜேர் ஊர் பெர்னார் என்ற கல்விமான் இதை விக்கிரகம் என்று முதலில் கேலி செய்தார். அப்புறம் அவரே அவளுடைய புதுமைகளை, அதாவது அற்புதங்களை, தொகுக்க உட்கார்ந்தார். அதில் புனிதை ஒரு சீமாட்டியின் கனவில் வந்து பொன் வளையல் கேட்கிறாள். நம்மூர் அம்மன் கதையேதான்!

மறுபாதியை வழிகாட்டி சொன்னாரா? பிரெஞ்சுப் புரட்சியின்போது தேவாலயங்களின் பொன்னும் வெள்ளியும் உருக்கப்பட்டன. கோங்க் ஊரார் தங்கள் புனிதையின் பொருள்களைப் பிரித்து வீடுகளில் ஒளித்து வைத்தார்கள். அமளி ஓய்ந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு காதணியை விற்றாலே பல வருடம் பசியாறியிருக்கலாம். எனக்கு அந்தத் துறவியைவிட இந்த ஊரார்தான் முக்கியம். நீங்கள் பார்த்த பொன் சிலை அவர்கள் ஒளித்துக் காத்தது.

மறுபடி போனால் வாசல் மேலுள்ள இறுதித் தீர்ப்புச் சிற்பத்தில் நரகத்தின் பக்கம் பாருங்கள். கழுத்தில் பணப்பையோடு ஒருவன் தொங்குகிறான். வலையில் சிக்கிய துறவிகளும் உண்டு.