சரிசெய்தும் திரும்பும் டேப்பெட் சத்தம்

கேள்வி: என் பழைய அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் டேப்பெட் (கேம் தண்டின் உந்துதலை வால்வு பக்கம் கடத்தும் உருளைத் துண்டு) இடைவெளியைச் சரிசெய்த சில வாரங்களிலேயே ஒரே வால்வில் மட்டும் சத்தம் திரும்பிவிடுகிறது. காரணம் என்ன?

பதில்: ஒரே வால்வில் இடைவெளி திரும்பத் திரும்பக் கூடுகிறது என்றால், இடைவெளியைச் சரிசெய்யும் திருகு தளர்வதைவிடக் கேம் முகடும் (வால்வைத் திறக்க உந்தும் மேடு) அதில் உராயும் டேப்பெட்டின் அடியும் தேய்வதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். என்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவரைக் கழற்றி, ஒவ்வொரு புஷ்ராடும் (டேப்பெட்டின் மேல் நிற்கும் உந்துகம்பி) எவ்வளவு உயர்கிறது என்று டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து அளந்து பாருங்கள். சத்தம் வரும் வால்வின் புஷ்ராடு மட்டும் குறைவாக உயர்ந்தால், கேம் முகடு தேய்ந்திருக்கிறது என்பதில் ஐயமே வேண்டாம். இந்த என்ஜினில் பக்கவாட்டு மூடியைத் திறந்தே டேப்பெட்டை வெளியே எடுக்கலாம் என்பது ஒரு வசதி. அதன் அடிப்பாகம் குழிந்திருந்தால், சுழலாமல் ஒரே இடத்தில் உராய்ந்திருக்கிறது என்று பொருள். புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகப் புதிய என்ஜின் எண்ணெய்கள் பலவற்றில், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மத்தைக் குறைத்திருக்கிறார்கள். இத்தகைய தட்டை அடி கொண்ட டேப்பெட்டுகளுக்கு அந்தக் குறைந்த அளவு போதாமல் போகலாம். மெக்கானிக் சிக்கனம் பேசினாலும், புதிய கேமுடன் பழைய டேப்பெட்டைப் பொருத்த விடாதீர்கள்.