பதில்: தக்காளி சாண்ட்விச் ஊறிப்போகிறது

காலையில் கட்டிக்கொடுக்கும் சாண்ட்விச், பள்ளியில் பிள்ளை திறப்பதற்குள் சொதசொதவென்று ஆகிவிடுகிறது, தக்காளியும் சப்பென்று இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ரொட்டியை மாற்றிப் பயனில்லை, சாறுதான் வில்லன். தக்காளியைக் கொஞ்சம் தடிமனாகவே வெட்டி, உப்புத் தூவி, வடிகட்டியில் பத்து நிமிடம் விடுங்கள். உப்பு நீரை இழுத்துவிடும், அடியில் இளஞ்சிவப்பாகத் தேங்குவதைப் பார்ப்பீர்கள் (கொட்டாதீர்கள், ரசத்துக்கு ஆகும்). டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். ரொட்டியை வாட்டி, நன்றாக ஆறவிட்டு, உள்பக்கம் இரண்டிலும் ஓரம் வரை வெண்ணெய் தடவுங்கள், கொழுப்பைத் தாண்டி ஈரம் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. மயோனிஸ் வேண்டாம், கோலாலம்பூர் வெக்கைக்கு அது எனக்குச் சரியாகப் படவில்லை.

ருசிக்கு வந்தால், பசாரில் வாங்கும் கேமரன் மலைத் தக்காளியில் பாதி செங்காயாகத்தான் இருக்கும், அதை நேரே ஐஸ்பெட்டியில் வைத்தால் பழுக்கிறதும் நிற்கும், வாசமும் போகும். வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டு வெளியே வையுங்கள், ஓரிரண்டு நாளில் சிவந்துவிடும். அப்புறம் மிளகுத்தூள் மட்டும் போதும், சீஸ் வைத்தால் தக்காளி இருப்பதே தெரியாது.