கென்யாவின் இட்டென் என்ற மலையூரில் 4 வாரம் பயிற்சி எடுத்துவிட்டு நேரே ஸ்பெயினில் 10 கி.மீ. பந்தயம் ஓடலாமா? இப்போது 33 நிமிடத்தில் ஓடுகிறேன், உயரப் பயிற்சி முதல்முறை.

ஓடலாம். ஆனால் விமான டிக்கெட் போடும் முன் மலையிலிருந்து இறங்கும் தேதியைக் குறித்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

இறங்கிய 2, 3 நாளுக்குள் ஓடிவிடுவது ஒரு வழி. 15 முதல் 20 நாள் கழித்து ஓடுவது இன்னொரு வழி. 4ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை உடம்பு மந்தமாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் மாறும் என்றாலும் அந்த நாட்களில் முக்கியப் பந்தயம் வைக்கப் பயிற்றுநர்கள் தயங்குவார்கள். முதல்முறை போகிறவர் 16 நாள் இடைவெளி விடுவதே நல்லது என்பேன். உங்கள் பந்தய வேகம் கிலோமீட்டருக்கு 3:18 (3 நிமிடம் 18 விநாடி). மேலே இருக்கும் 4 வாரத்தில் அந்த வேகத்தில் ஒரு மைல்கூடச் சேர்ந்தாற்போல ஓடியிருக்க மாட்டீர்கள். ரத்தம் தயாராக இருக்கும், கால் தயாராக இருக்காது. இறங்கியதும் முதல் 3 நாள் மெதுவோட்டம், 5ஆம் நாள் 200 மீட்டர் எட்டு முறை, 8ஆம் நாள் 3:16 வேகத்தில் 1 கி.மீ. ஐந்து முறை, 12ஆம் நாள் பந்தய வேகத்தில் 2 கி.மீ. மூன்று முறை என்று காலுக்கு வேகத்தைத் திரும்பப் பழக்கிவிட்டுப் போய் நில்லுங்கள்.

இட்டென் சுமார் 2,400 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் அதே 20.9 சதவீதம்தான். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, அதனால் ரத்தத்தில் ஏறும் ஆக்சிஜனும் குறைகிறது. சிறுநீரகம் சில மணி நேரத்திலேயே, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரக்கத் தொடங்கிவிடும். சிவப்பணு பெருகுவதற்குத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. 3, 4 வாரத்தில் மொத்த ஹீமோகுளோபின் சில சதவீதம் கூடும், சிலருக்கு ஒன்றுமே கூடாது. முதல் வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு 'ஒரு கிராம் ஏறிடுச்சு' என்று குதிக்க வேண்டாம். அப்போது ரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றியிருக்கும், அதனால் எண் உயர்ந்து தெரியும்.

ஒன்றுமே கூடாமல் போவதற்கு முதல் காரணம் இரும்புச்சத்துக் குறைவு. புறப்பட 6 வாரம் இருக்கும்போதே உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பரிசோதித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 14 இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது, ஃபெரிட்டின்தான் சேமிப்புக் கணக்கு. அது 30க்குக் கீழே இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அதற்குமேல் இருந்தாலும் இரும்பு மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மாத்திரை எடுக்கும் நேரமும் முக்கியம். கடினமான ஓட்டத்துக்குப் பின் 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கும். அதனால் காலை எழுந்ததும், இல்லாவிட்டால் ஓடி முடித்த அரை மணிக்குள், ஒரு ஆரஞ்சுப் பழத்தோடு விழுங்கிவிடுங்கள். கென்யாவில் எந்த வீட்டுக்குப் போனாலும் பால் போட்டுக் கொதிக்க வைத்த 'சாய்' கையில் வந்துவிடும். நம் டீயேதான். அதற்கும் மாத்திரைக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். சைவம் என்றால் மக்காச்சோளமும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த கிதேரி, சுகுமா கீரை, மக்காச்சோள மாவுக் களியான உகாலி என்று வயிறு நிறையும். ஆனால் கீரையும் பயறும் தரும் இரும்பு உடம்பில் சுலபமாகச் சேராது என்பதால் ஃபெரிட்டின் பரிசோதனையைச் சைவர்கள் தவிர்க்கவே கூடாது.

இனி ஓட்டம். முதல் 7 முதல் 10 நாள் மெதுவோட்டம் மட்டும், வழக்கமான தூரத்தில் 60, 70 சதவீதம். சென்னையில் கிலோமீட்டருக்கு 4:40இல் ஓடும் மெதுவோட்டம் அங்கே 5:15 ஆகும், மேடும் சேர்ந்தால் 5:30. கடிகாரத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பாருங்கள். இரண்டாம் வாரம் ஒரு டெம்போ, அதாவது பந்தய வேகத்தைவிடச் சற்றுக் குறைத்து நிற்காமல் ஓடுவது: கடல்மட்டத்தில் 3:28 என்றால் அங்கே 3:42 போதும். இடையிடையே ஓய்வு விட்டு ஓடும் 1 கி.மீ. இன்டர்வலைக் கிலோமீட்டருக்கு 10 விநாடி மெதுவாக்கி, ஓய்வை 2 நிமிடத்திலிருந்து 3 ஆக்குங்கள். 200 மீட்டர் மட்டும் முழு வேகத்திலேயே ஓடலாம், ஓய்வை இரட்டிப்பாக்கினால் போதும். மூன்றாம் வாரம்தான் முழுச் சுமை. நான்காம் வாரம் தூரத்தைக் குறைத்துவிடுங்கள். காலை நாடித்துடிப்பு உங்கள் வழக்கத்தைவிட 8, 10 கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால், அன்றைய அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் மெதுவோட்டம்தான்.

பலருடைய பயிற்சி கெடுவது வியாழக்கிழமை ஃபார்ட்லெக்கில். காலை 9 மணி வாக்கில் செம்மண் சாலையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கூடுவார்கள். ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெது, இப்படி 20, 25 முறை. முதல் வேக நிமிடத்தில் கிளம்பும் புழுதியில் முன்னே போகிறவரின் முதுகுகூடத் தெரியாது. 'மெது' என்று அவர்கள் ஓடும் நிமிடமே உங்களுக்கு டெம்போவாக இருக்கும். மூன்றாம் வாரத்துக்கு முன் அந்தப் பக்கம் போகாதீர்கள். போனாலும் கடைசி வரிசையில் நின்று 12 முறையோடு விலகிவிடுங்கள். காலை 6 மணிக் குழுக்களும் அப்படித்தான்: முதல் 3 கி.மீ. நடை போலிருக்கும், கடைசி 3 கி.மீ.யில் உயிர் போகும். கார்பன் தட்டு வைத்த ஷூவைப் பெட்டியிலேயே விடுங்கள். அந்த மண்ணுக்குப் பிடிமானம் உள்ள பழைய ஷூ போதும். மார்ச் கடைசியிலிருந்து மே வரை மழைக்காலம், சேறு பாளம் பாளமாக அடியில் ஒட்டும்.

வயிறு கெட்டால் அங்கே குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ள யோசனை சொல்வார்கள். 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவது ஊக்கமருந்து விதிகளில் தடை செய்யப்பட்டது. மருத்துவமனையில் நடக்கும் சிகிச்சைக்குத்தான் விலக்கு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களை இந்தியாவிலிருந்தே எடுத்துப் போங்கள்.

செலவு யோசனையாக இருந்தால் ஒரு விஷயம். ஊட்டி 2,240 மீட்டர், 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியின் அதே உயரம். ரத்தம் மட்டும்தான் குறி என்றால் ஊட்டிக்கும் இட்டெனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இட்டெனில் கூடுதலாகக் கிடைப்பது வண்டித் தொல்லை குறைந்த மண்சாலைகளும் கூட ஓட ஆட்களும்.

காகித வேலை: கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இணையவழிப் பயண அனுமதி. ஷெங்கன் விசாவை இந்தியாவிலேயே வாங்கிவிடுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கென்யாவை விட்டு 6 நாளுக்குள் இந்தியா வருகிறவரிடம் அது இல்லாவிட்டால் தனிமைப்படுத்திவிடுவார்கள். ஸ்பெயினில் 16 நாள் இருந்துவிட்டு வந்தால் அந்தக் கெடு தாண்டியிருக்கும்தான். ஆனால் இட்டெனில் கால் பிடித்துக்கொண்டு பாதியில் நேரே திரும்ப வேண்டி வரலாம், அதனால் ஊசியைப் போட்டுக்கொண்டே கிளம்புங்கள்.